பண்ணை மணிநேரம்

என் தம்பி ஷர்வின் டாக்டர் என்று சொன்னால் கோயிலில் பக்கத்தில் இருக்கிற பெண்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். மாட்டு டாக்டர் என்று அம்மா சேர்த்துச் சொன்னதும் மறுபடியும் தளர்ந்துவிடுவார்கள். எத்தனையோ தடவை பார்த்துவிட்டேன், ஒவ்வொரு தடவையும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மனுஷனைப் பார்க்கிற டாக்டர் எங்கே வலிக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்வார். மாட்டிடம் போய் யார் கேட்பது? இவனும் ஐந்து வருடம் நியூசிலாந்தில் பாமர்ஸ்டன் நார்த் ஊர்க் குளிரில் விறைத்துக்கொண்டு படித்தவன்தான். படிப்புக் கடனும் மற்ற டாக்டர்களுக்குக் குறையாமல் கழுத்து வரைக்கும் ஏறியிருந்தது.

நாங்கள் மலேசியாவின் கிள்ளானிலிருந்து ஆக்லாந்துக்கு வந்தபோது அவனுக்குப் பதிமூன்று வயது. எனக்கு வேலைக்குப் போகிற வயது. அப்பா தனபாலன் இங்கே பஸ் ஓட்டினார். ஷர்வின் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தபோது ஒருநாள் டிப்போவிலேயே சரிந்து விழுந்தவர் எழுந்திருக்கவில்லை. அதற்குப் பிறகு பீஸ், ரூம் வாடகை, சாப்பாடு எல்லாமே கடனில்தான் ஓடியது. படிப்பை நிறுத்திவிட்டு வேலைக்கு வரட்டுமா என்று அவன் போனில் கேட்டான். நான் திட்டின திட்டில் அதற்கப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

சின்ன வயதிலிருந்தே அவன் சாது. வீட்டுக்குள் எலி வந்தால் நான் பொறி வாங்கி வருவேன். அவன் எலியை அட்டைப்பெட்டியில் பிடித்துக்கொண்டுபோய்த் தெருமுனையில் இருக்கிற ரிசர்வ் காட்டில் விட்டுவிட்டு வருவான். ரெண்டு நாளில் அது திரும்ப வந்துவிடும். அது வேற எலி அக்கா என்பான். இப்படிப்பட்ட ஆளை என்ன செய்வது?

2012 ஆரம்பத்தில் அவனுக்கு ஆக்லாந்துக்குத் தெற்கே புக்கெகோஹியில் ஒரு கிளினிக்கில் வேலை கிடைத்தது. ஊரைச் சுற்றி வெங்காயமும் உருளைக்கிழங்கும், அதைத் தாண்டினால் நதி வரைக்கும் பால் பண்ணைகள். அங்கேயே ஒரு வீட்டுக்குப் பின்னால் இருந்த சின்ன யூனிட்டை வாடகைக்கு எடுத்துக்கொண்டான். கிளினிக் முதலாளி கிரெய்க் ஐம்பது வயது மனுஷன், அவரும் டாக்டர்தான். அந்தச் சமயத்தில்தான் நான் அரசாங்கத்தின் பாண்ட் திட்டத்தைக் கண்டுபிடித்தேன். கிராமப்புறத்தில் பண்ணை விலங்குகளைப் பார்க்க டாக்டர்கள் கிடைப்பதில்லை. அதனால் புதிதாகப் படித்து முடித்தவர்கள் அங்கே தங்கி வேலை செய்தால் வருடத்துக்கு இவ்வளவு என்று அரசாங்கம் கொடுக்கும், படிப்புக் கடனின் பெரும்பகுதி அதிலேயே அடைந்துவிடும். ஆனால் மூன்று வருடம் முழுசாக முடித்தால்தான் முதல் காசே கண்ணில் தெரியும். நடுவில் விட்டுப் போனால் செய்தது அத்தனையும் வீண்.

நான் மானுக்காவில் ஒரு பேங்கில் மார்ட்கேஜ் பிரிவில் இருக்கிறேன். கடன் என்றால் எனக்குப் பயம் கிடையாது, முடிகிற தேதி தெரிந்தால் போதும். மலேசியாவில் ஸ்காலர்ஷிப் வாங்கினவர்களும் இப்படித்தான் பாண்டில் இருப்பார்கள். சொன்ன இடத்தில் சொன்ன வருடம் உட்கார்ந்துவிட்டு எழுந்து வந்துவிட வேண்டியதுதான். அதே மாதிரிதான் இதுவும் என்று நினைத்தேன், அவனும் அப்படித்தான் நினைத்தான். பிளாட் புஷ்ஷில் என் வீட்டில்தான் அம்மா இருக்கிறாள். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் சாப்பிட வருவான். சாப்பாடு முடிந்ததும் நான் லேப்டாப்பில் பாண்டுக்காகப் போட்டு வைத்திருந்த முப்பத்தாறு மாத அட்டவணையைத் திறந்து அந்த மாதத்துக் கட்டத்தைப் பச்சையாக்குவேன். அவன் பக்கத்தில் நின்று பார்ப்பான்.

அவன் அப்படிப் பார்த்ததற்குக் காரணம் ஷாரோன். அவளும் மலேசியாவிலிருந்து வந்த பெண்தான், பார்மசி படித்தவள், சர்ச்சுக்குப் போகிற வேதக்காரக் குடும்பம். அம்மா முதலில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள், பிறகு அவளுடைய சாம்பாரைச் சாப்பிட்டுவிட்டு இறங்கி வந்தாள். ஷாரோன் மெல்பர்னில் நல்ல வேலை கிடைத்துப் போய்விட்டாள். பாண்ட் முடிந்ததும் இவனும் அங்கே போவது, கல்யாணம் செய்துகொள்வது என்று பேச்சு. கடனோடு நியூசிலாந்தை விட்டுப் போனால் வட்டி ஓட ஆரம்பித்துவிடும். இங்கே இருக்கிற வரைக்கும் வட்டி கிடையாது. அவளிடம் போக வேண்டுமானால் பாண்டை முடித்துவிட்டுத்தான் போக வேண்டும். அவனுக்கு வாழ்க்கையில் வேண்டியிருந்தது அந்த ஒன்றுதான்.

முதல் வருடம் ஆகஸ்ட் மாதம், கன்று போடும் சீசன். அந்த ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்தவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். என்னடா என்று அம்மா கேட்டாள். முந்தின நாள் ஒரு பண்ணையில் மாடு எழுந்திருக்க முடியாமல் விழுந்து கிடந்ததாம். கிரெய்க் பக்கத்தில் நின்றுகொண்டு இவன் கையில் ஊசியைக் கொடுத்தாராம். இவன் போட்டு மாட்டை முடித்துவிட்டானாம்.

அம்மாவுக்கு மாடு என்றால் லட்சுமி. பொங்கலன்று கராஜில் கோமாதா படத்துக்கு மாலை போட்டுக் கும்பிடுகிறவள். மகன் மாட்டு டாக்டர் என்று கோயிலில் அவள் பெருமையாகச் சொன்னதும் அதனால்தான். அவள் ஒன்றும் திட்டவில்லை. எழுந்து போய் ஸ்மோக் அலாரத்துக்கு ஷவர் தொப்பியை மாட்டினாள். எங்கள் வீட்டில் சூடம் ஏற்றுவதற்கு முன்னால் அதைச் செய்துவிட வேண்டும், இல்லையென்றால் தெருவே கூடிவிடும். பிறகு சாமி அலமாரிக்கு முன்னால் தட்டில் சூடத்தை ஏற்றி அவனைக் கூப்பிட்டாள்.

"இந்தக் கையால இனிமே ஒரு மாட்டையும் சாவடிக்க மாட்டேன்னு அடிச்சு சத்தியம் பண்ணு."

அவன் உடனே முன்னால் வந்தான். உள்ளங்கையால் அடித்து நெருப்பை அணைத்தான். எனக்கு ஆத்திரமாக வந்தது. மாட்டு டாக்டர் மாட்டைக் கொல்ல மாட்டேன் என்றால் எப்படி? சில பண்ணைக்காரர்கள் துப்பாக்கியால் தாங்களே முடித்துக்கொள்வார்கள். துப்பாக்கி இல்லாதவர்களும் மனசு வராதவர்களும் டாக்டரைத்தானே கூப்பிடுவார்கள்? நான் கேட்டதற்கு, கிரெய்க்கிடம் பேசிப் பார்க்கிறேன் என்று மட்டும் சொன்னான்.

பேசியிருக்கிறான். கிரெய்க்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது, ஆனால் அம்மாவுக்குக் கொடுத்த வாக்கு என்றதும் அவருக்குப் புரிந்துவிட்டது. மாட்டைக் கொல்வது என்பது தனியாக வருகிற வேலை இல்லை. கன்று வரவில்லை என்று கூப்பிடுவார்கள், போனால் அது கடைசியில் ஊசியில் முடியும். ஆகவே சீசன் மாதங்களில் விழுந்த மாடு, கஷ்டமான பிரசவம் எல்லாவற்றுக்கும் நானே போகிறேன், நீ கிளினிக்கில் இருந்து என்னிடம் வருகிற பூனை நாய்களைப் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டார். ஊரில் புது வீடுகள் வந்துகொண்டே இருந்தன, பூனை நாய்களும் வந்துகொண்டே இருந்தன. சீசனில் ஆரம்பித்த ஏற்பாடு வருடம் முழுக்க அப்படியே நின்றுவிட்டது. இது எதுவும் அப்போது எனக்குத் தெரியாது. மாட்டு டாக்டர் வேலைதான் பார்க்கிறான் என்று நான் மாதா மாதம் பச்சை அடித்துக்கொண்டிருந்தேன்.

மூன்று வருடமும் பச்சையானது. 2015 ஆரம்பத்தில் விண்ணப்பம் போட்டான். வேலை நேரத்தில் பாதிக்கு மேல் பண்ணை விலங்குகளோடு இருந்தானா என்று முதலாளி மணிக்கணக்கோடு எழுதிக்கொடுக்க வேண்டும். கிரெய்க் பொய் எழுதுகிற ஆள் இல்லை, பொய் எழுத வேண்டிய இடம் என்றும் அவருக்குத் தோன்றவில்லை. உள்ளதை எழுதினார். முதல் வருடம் சரி, மற்ற இரண்டும் பாதிக்குக் கீழே என்று பதில் வந்துவிட்டது. திட்டத்திலிருந்து தள்ளவில்லை. விதிப்படி இன்னும் இரண்டு வருடம் முடித்தால் மூன்று வருடக் காசும் வரும். அவ்வளவுதான்.

அவன் போன் பண்ணியபோது நான் பேங்க் கார் பார்க்கில் இருந்தேன். அங்கேயே நின்று கத்தினேன். பூனையா, நாயா, யாரைக் கேட்டு மாற்றிக்கொண்டாய், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா என்று. அப்போதுதான் முழு ஏற்பாட்டையும் சொன்னான். விதியில் இருந்ததே, படிக்கவில்லையா என்றேன். படித்தேன், கிளினிக் மணி இத்தனை ஆகியிருக்கும் என்று நினைக்கவில்லை என்றான். கிரெய்க் ஒரு உதவி, இவன் ஒரு உதவி, இப்படியே இரண்டு வருடம் கரைந்து போயிருந்தது.

அன்று சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வந்து, இன்னும் ரெண்டு வருடம் என்று புதுத் தேதியை ஸ்கைப்பில் ஷாரோனிடம் சொன்னான். நான் பக்கத்து அறையில் இருந்தேன். கடனோடு வா, ரெண்டு பேரும் சேர்ந்து கட்டலாம் என்று அவள் முன்பே ஒருமுறை சொன்னவள்தான். வட்டியும் சேர்ந்தால் எத்தனை வருடம் இழுக்கும் என்று நானே கணக்குப் போட்டுக் காட்டி அதைத் தடுத்திருந்தேன். இந்தத் தடவை அவள் அதைச் சொல்லவில்லை.

"இந்தத் தேதியாச்சும் உண்மையான தேதியா?" என்று கேட்டாள். அவன் ஆமாம் என்றான்.

அடுத்த நாள் நான் அம்மாவைப் பிடித்துக்கொண்டேன். நீதானே சத்தியம் வாங்கினாய், நீயே விட்டுவிடு என்றேன். அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள், திரும்பிப் பார்க்கவில்லை.

"கேட்டு வாங்கினது நான்தான். ஆனா அவன் பண்ணது எங்கிட்ட இல்லலா, சாமிகிட்ட. அத நான் எப்படித் திருப்பிக் குடுக்கறது?"

அரசாங்கத்தோடாவது போனில் பேசலாம், சாமியோடு யார் பேசுவது? அம்மா தன் பங்குக்கு அவன் பாண்ட் முடிகிற வரைக்கும் திங்கட்கிழமை விரதம் என்று ஆரம்பித்தாள். நான் லேப்டாப்பில் மாதங்களை அழித்துவிட்டு மணிகளைப் போட்டேன். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பண்ணையில் எத்தனை மணி, கிளினிக்கில் எத்தனை மணி என்று அவன் மெசேஜ் அனுப்ப வேண்டும் என்று சட்டம் போட்டேன்.

அந்த வருடம் சீசன் வந்தது. மணிநேரம் சேர வேண்டும் என்பதற்காகப் பண்ணை அழைப்புகளுக்கு அவனே போனான். மாடு தேறாது என்று தெரிந்தால் மட்டும் கிரெய்க்குக்குப் போன் பண்ணுவான். அவர் எங்கே இருந்தாலும் கிளம்பி வந்து முடித்துக்கொடுத்துவிட்டுப் போவார். அவருக்கு அலுப்புத் தட்ட ஆரம்பித்திருந்தது, நல்ல மனுஷன் என்பதால் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஷர்வின் பாதியாக இளைத்துப்போனான்.

ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனால் பிளாட் புஷ் வர முடியவில்லை, டூட்டி. அம்மா சமையல் எல்லாம் செய்து டப்பாவில் எடுத்துக்கொண்டாள், நாங்களே புக்கெகோஹிக்குப் போனோம். சாப்பிட்டபின் ரோட்டோரக் கடையில் வெங்காயம் வாங்க அவன் கிளினிக் வண்டியிலேயே எங்களைக் கூட்டிக்கொண்டு போனான். மூட்டையைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கும்போது போன் வந்தது. நதிக்கு அந்தப் பக்கம் ஒரு பண்ணை, மாடு விழுந்துவிட்டது. எங்களைத் திருப்பிக்கொண்டுபோய் விட நேரமில்லை. நீங்க வண்டியிலயே இருங்க என்று சொல்லி அழைத்துக்கொண்டு போனான்.

மழை தூறிக்கொண்டிருந்தது. பண்ணையில் ஒரு அம்மாள் மட்டும் இருந்தாள், வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில். கறுப்பும் வெள்ளையுமாக ஒரு மாடு சேற்றில் கிடந்தது. பின்னங்கால் இரண்டும் பக்கத்துக்கு ஒன்றாக விரிந்துபோயிருந்தன. செத்துப் பிறந்த கன்றுமேல் சாக்குப் போட்டிருந்தார்கள். ஷர்வின் மண்டியிட்டுக் காலைத் தொட்டு, இடுப்பைத் தொட்டு, வெகுநேரம் பார்த்தான். பிறகு எழுந்து தள்ளி நின்று போன் பண்ணினான். அதற்கப்புறம் அப்படியே நின்றான். மாடு எழுந்திருக்கப் பார்த்தது, முன்னங்கால் ரெண்டும் சேற்றில் வழுக்கின, கத்தியது. மறுபடியும் பார்த்தது, மறுபடியும் கத்தியது.

அம்மாவால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. நான் தடுக்கத் தடுக்கக் குடையை விரித்துக்கொண்டு இறங்கிவிட்டாள். நானும் பின்னால் ஓடினேன்.

"ஏன்டா சும்மா நிக்கிற? ஊசி போட்டு எழுப்பிவிடுடா" என்றாள்.

"இடுப்பு நழுவிடுச்சுமா. இனிமே எழும்பாது."

"அப்ப?"

"கிரெய்க் வரணும். அவர் வைய்யூக்குங்கற ஊர்ல இன்னொரு பிரசவத்துல இருக்கார். முடிச்சிட்டு வர ஒன்றரை மணி நேரம் ஆவும்."

"அவர் வந்து என்னா செய்வார்?"

அவன் மாட்டின் பக்கம் திரும்பிக்கொண்டான். எனக்குப் பொறுக்கவில்லை.

"கொல்லுவார்" என்றேன். "நீ சூடத்துல அடிக்கச் சொன்னல்ல? அதனாலதான் அது இவ்வளவு நேரம் கிடந்து துடிக்குது."

அம்மா என்னைப் பார்க்கவில்லை. சேற்றில் இறங்கி மாட்டின் தலைப்பக்கம் போனாள். குடையை அதன் முகத்துக்கு மேலே பிடித்துக்கொண்டு, மற்றக் கையை நெற்றியில் வைத்தாள். அவள் முதுகு மழையில் நனைந்தது. மாடு திரும்பவும் கத்தியபோது அம்மா அதன் நெற்றியைத் தடவிக்கொடுத்தாள்.

"நீயே செஞ்சிடுப்பா" என்றாள். "பாவம் வந்தா என் தலையோட போவட்டும். நான் சாமிகிட்ட பேசிக்கறேன்."

அவன் அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றான். வேற யாராவது வருவார்களா என்று பார்க்கிற மாதிரி பண்ணை வாசல் கேட் பக்கம் ஒரு தடவை பார்த்தான். பிறகு வண்டிக்குப் போய்ப் பெட்டியை எடுத்துக்கொண்டு வந்தான். கழுத்து நரம்பைத் தேடி எடுத்தான், மாட்டின் காதருகில் ஏதோ மெதுவாகச் சொல்லிக்கொண்டே ஊசியை ஏற்றினான். சீக்கிரம் முடிந்துவிட்டது. அவ்வளவு பதனமாக யாரும் செய்து தான் பார்த்ததில்லை என்று அந்த அம்மாள் அழுதுகொண்டே சொன்னாள். அவன் கிரெய்க்குக்குப் போன் பண்ணி வர வேண்டாம் என்றான்.

திரும்பி வரும்போது அம்மா பின்சீட்டில் இருந்து பேசிக்கொண்டே வந்தாள். நிம்மதியாக இருந்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். "இனிமே ஒனக்கு ஒரு தடையும் இல்லலா. எவ்வளவு சூசாவா, கஷ்டமா இருந்திருக்கும் பிள்ளைக்கு. எல்லாத்தையும் சீக்கிரம் முடிச்சிட்டு அந்தப் பிள்ளைகிட்ட போய்ச் சேரு" என்றாள். கொஞ்ச தூரத்தில் தூங்கிப்போனாள்.

யூனிட் வாசலில் அம்மாவை என் காருக்கு மாற்றி உட்கார வைத்தேன். வெங்காய மூட்டையை அவன் டிக்கியில் வைத்தான். வைத்தவன் மூட்டையைப் பிடித்தபடியே நின்றான். அழுகிறான் போல என்று நினைத்தேன், அழவில்லை.

"எனக்கு அந்த சத்தியம் ஒண்ணுதான் இருந்துச்சுக்கா" என்றான்.

என்னடா சொல்கிறாய் என்றேன்.

"அம்மாவுக்காக இல்லக்கா. எனக்கே முடியாது. மொதல்ல அந்த ஒண்ணச் செஞ்சப்பவே என்னால முடியல. அன்னிக்கு அம்மா சூடம் ஏத்துனப்ப எனக்கு அப்பாடான்னு இருந்துச்சு. யாரு கேட்டாலும் அம்மாவுக்கு சத்தியம் பண்ணிட்டேன்னு சொல்லிக்கலாம். இனிமே என்னான்னு சொல்லுவேன்?"

இவ்வளவு வருடமும் அம்மா அவனைக் கட்டிப் போட்டிருக்கிறாள் என்று நினைத்து அவளோடு மல்லுக்கு நின்றேனே, அவன் அந்தக் கட்டுக்குள் ஒளிந்துகொண்டிருந்திருக்கிறான். அந்த இடத்தையும் நானும் அம்மாவும் சேர்ந்து பிடுங்கிவிட்டோம். வேலையை விட்டுவிடு என்று சொல்லலாம் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. விட்டால் மூன்றரை வருடமும் போகும், கடன் அப்படியே நிற்கும், ஷாரோனுக்குச் சொன்ன தேதி மறுபடியும் பொய்யாகும். எல்லாம் அவனுக்கும் தெரியும். நேரமாச்சு, அம்மாவைக் கூட்டிட்டுப் போ என்று அவனே டிக்கியை மூடினான்.

கிரெய்க் அவனைத் தட்டிக்கொடுத்தாராம். மூன்று வருடம் உன் பங்கையும் நானே சுமந்தேன், இனிமேல் கொஞ்ச நாள் நீ பார்த்துக்கொள் என்றாராம், அதில் தப்பும் இல்லை. அந்தப் பண்ணைக்கார அம்மாள் பக்கத்துப் பண்ணைகளில் போய்ச் சொல்லியிருக்கிறாள். கடைசி ஊசி என்றால் அந்த இந்தியன் டாக்டரை அனுப்புங்கள், மாட்டுக்கே தெரியாமல் செய்துவிடுவார் என்று பேர் சொல்லிக் கேட்க ஆரம்பித்தார்கள். பால் பண்ணைக்குத் தேவைப்படாத, பிறந்து சில நாள்கூட ஆகாத கன்றுகளுக்கும் அவனைத்தான் கூப்பிட்டார்கள். ஒவ்வொன்றும் பண்ணை மணியில் சேர்ந்தது. ஷாரோனிடம் இந்த வாரம் நல்லா சேர்ந்தது என்று சொல்கிறான் என்று அவளே சந்தோஷமாக எனக்குச் சொன்னாள். எதனால் சேர்ந்தது என்று அவன் சொல்லவில்லை போலிருக்கிறது.

செப்டம்பர் முதல் வாரம் வெள்ளிக்கிழமை அவனுடைய மெசேஜ் வந்தது. ஐம்பத்திரண்டு மணி, எல்லாம் பண்ணை. இதுவரைக்கும் அவ்வளவு வந்ததே இல்லை. நான் லேப்டாப்பில் போட்டுப் பார்த்தேன், கோடு சட்டென்று மேலே ஏறியது. யோசிக்காமல் சூப்பர்டா தம்பி என்று அடித்து அனுப்பிவிட்டேன்.

கொஞ்ச நேரம் கழித்துப் பதில் வந்தது. "பதினோரு மாடுக்கா."

நான் போனைக் கவிழ்த்து வைத்தேன். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, தம்பியா, இந்த வாரம் எவ்வளவு சேர்ந்திருக்காம் என்று கேட்டாள். ஐம்பத்திரண்டு மணி என்றேன்.

"அவ்வளவா? அப்ப சீக்கிரம் முடிஞ்சிரும்லா" என்று சொல்லிவிட்டுச் சந்தோஷமாக உள்ளே போனாள்.